தலையில் ஒரு ரொய்லெட் பேப்பர் சுருள்: மூக்கொழுகலுக்குப் பின்னால் இருக்கும் போர்க்காலக் காடுகளின் கதை

முகநூலில் ஒன்றிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பத் தலைகாட்டும் படம் ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் தலைக்கு மேல் சிறிய சட்டம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். அந்தச் சட்டத்தில் ஒரு முழு ரொய்லெட் பேப்பர் சுருள். நாடிக்குக் கீழால் வரும் பட்டி அதைத் தலையோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. சுருளின் நுனி நெற்றிக்கு முன்னால் தொங்குகிறது. மூக்கு ஒழுகினால் இழுத்துத் துடைத்துவிட்டுக் கிழித்துப் போட வேண்டியதுதான். படத்தைப் பகிர்பவர்கள் மேலே ஜப்பான்காரரின் மூளையைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

நானும் சிரித்துவிட்டுக் கடந்துபோனவர்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பீனிசம். லேஞ்சி இல்லாமல் வீட்டுப் படலையைத் தாண்டியதில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு முழுச் சுருள் பேப்பர் தேவைப்படும் அளவுக்கு ஒருவருக்கு மூக்கு ஒழுகுமா என்ற கேள்வி பிறகுதான் வந்தது. ஒழுகும். ஜப்பானில் பெப்ரவரி தொடக்கம் மே வரை மில்லியன் கணக்கானவர்களுக்கு அப்படித்தான் ஒழுகுகிறது. அது ஏன் என்று தேடிப்போனால் பாதை மருத்துவமனையில் முடியவில்லை. 1945இல் எரிந்துபோன நகரங்களுக்கும், மொட்டையாகிப்போன மலைகளுக்கும், போர் முடிந்த பிறகு அவசர அவசரமாக நடப்பட்ட ஒரு மரத்துக்கும் போகிறது.

விற்பனைக்கு இல்லாத கண்டுபிடிப்பு

முதலில் அந்தத் தொப்பி. அதை ஆங்கிலத்தில் மகரந்தக் காய்ச்சல் தொப்பி என்று அழைக்கிறார்கள். அதை உலகத்துக்குக் காட்டியவர் கென்ஜி கவகாமி. 1946இல் பிறந்த ஜப்பானியர். அஞ்சல் வழியாகப் பொருட்கள் விற்கும் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தபோது, மிஞ்சிய பக்கங்களை நிரப்புவதற்குத் தானே செய்த விசித்திரமான கருவிகளின் படங்களைப் போட ஆரம்பித்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதற்குப் புனல் பொருத்திய மூக்குக்கண்ணாடி அவற்றில் ஒன்று. சூரிய ஒளி இருந்தால் மட்டுமே எரியும் ரோர்ச் லைட் இன்னொன்று. வாசகர்களுக்கு அவை பிடித்துப்போயின.

இந்தக் கருவிகளுக்கு அவர் வைத்த பெயர் சின்டோகு. ‘சின்’ என்றால் விசித்திரமான, அரிதான. ‘டோகு’ என்றால் கருவி. ஜப்பானில் வசித்த அமெரிக்கப் பத்திரிகையாளர் டான் பாப்பியாவின் உதவியோடு 1995இல் இவை ஆங்கிலத்தில் 101 கருவிகள் கொண்ட புத்தகமாக வந்தன. 1997இல் மேலும் 99. தொப்பியின் படம் உலகமெல்லாம் பரவியது அப்படித்தான்.

சின்டோகுவுக்குப் பத்து விதிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் அந்தப் படத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். கருவி உண்மையில் செய்யப்பட்டிருக்க வேண்டும், வெறும் வரைபடம் போதாது. அது தீர்க்க முனையும் பிரச்சினை அன்றாட வாழ்க்கையில் உண்மையாகவே இருக்க வேண்டும். ஆனால் அதை நடைமுறையில் பாவிக்க முடியாமலும் இருக்க வேண்டும். விற்கக் கூடாது. காப்புரிமை எடுக்கக் கூடாது. வெறும் சிரிப்புக்காக மட்டும் செய்யக் கூடாது. யாராவது ஒரு சின்டோகுவை வாங்கிவிட்டால் அந்த நிமிடமே அது சின்டோகு இல்லாமல் போய்விடுகிறது.

ஆக அது ஜப்பானின் புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பும் இல்லை, முட்டாள்தனமான கண்டுபிடிப்பும் இல்லை. எதற்கெடுத்தாலும் ஒரு பொருளை வாங்கித் தீர்வு காணப் பழகிப்போன ஒரு சமூகத்தை அதன் சொந்த மொழியிலேயே நையாண்டி செய்வது. மூக்கு ஒழுகுகிறதா, இந்தா ஒரு கருவி. தொப்பி வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மழை பெய்தால் சுருள் கூழாகிவிடும். காற்று அடித்தால் பேப்பர் பட்டம்போலப் பறக்கும். யாருக்காவது தலை தாழ்த்தி வணக்கம் சொன்னால், ஜப்பானில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அது நடக்கும், சுருள் எதிரே நிற்பவரின் முகத்துக்கு நேரே நீளும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொது இடத்தில் சத்தமாக மூக்குச் சிந்துவதை அநாகரிகமாகக் கருதும் நாடு அது. பஸ்ஸிலும் ரயிலிலும் உள்ளிழுத்துக்கொண்டே இருப்பார்கள், சிந்த மாட்டார்கள். அந்த ஊரில் மூக்கொழுகலைத் தலையில் கொடியாக ஏற்றிக்கொண்டு நடப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பதில்தான் பகிடியின் பாதி இருக்கிறது.

ஒரு இடைச்செருகல். அந்த 1995ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே கமராவை ஒரு நீண்ட கம்பியில் பொருத்தித் தன்னைத் தானே படம் எடுக்கும் கருவியும் இருந்தது. 1980களில் மினோல்ட்டா நிறுவனத்தின் பொறியியலாளர் ஹிரோஷி உயேடா அப்படியொன்றைச் செய்து காப்புரிமையும் எடுத்திருந்தார். அப்போது அது விற்பனையாகவில்லை, பிறகு காப்புரிமை காலாவதியானது. 2014இல் டைம் சஞ்சிகை அந்த வருடத்தின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக செல்ஃபி ஸ்டிக்கைச் சேர்த்தது. எனவே ஒரு காலத்துக்குப் பயன்படாதது இன்னொரு காலத்தில் நல்லூர்த் திருவிழாக் கடைகளில் தொங்கலாம். தொப்பிக்கு மட்டும் இன்னும் அந்த விதி வரவில்லை.

வேர்களையும் தோண்டிய போர்

இனி அந்த மூக்கு. ஜப்பானிய மொழியில் இந்த நோயை ‘காஃபுன்ஷோ’ என்பார்கள், மகரந்த நோய். அதற்கு மிகப் பெரிய காரணம் ‘சுகி’ என்ற மரம். ஜப்பானிய சீடர் என்று ஆங்கிலத்தில் சொல்லப்பட்டாலும் உண்மையில் அது சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நேராக, உயரமாக, வேகமாக வளரும். கோயில் வளாகங்களில் பல நூறு வருடங்கள் பழைமையான சுகி மரங்களைப் புனிதமாகக் கும்பிடுகிறார்கள். யாக்குஷிமா தீவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வயதான சுகி மரம் ஒன்று இன்னமும் நிற்கிறது. வெளியிலிருந்து வந்த மரமே இல்லை அது.

இரண்டாம் உலகப் போர் ஜப்பானின் காடுகளைத் தின்றது. கப்பலுக்கு மரம், சுரங்கத்துக்கு மரம், படை முகாமுக்கு மரம், பெற்றோல் இல்லாத நாட்டில் அடுப்புக்கும் வாகனத்துக்கும் விறகும் கரியும். 1944, 45இல் எரிபொருள் முற்றாகத் தட்டுப்பட்டபோது, பைன் மர வேர்களிலிருந்து எண்ணெய் வடித்து விமானங்களுக்கு ஊற்றலாம் என்று சொல்லிப் பாடசாலைப் பிள்ளைகளையும் கிராமத்து மக்களையும் வேர் தோண்ட அனுப்பினார்கள். மரத்தை வெட்டி முடித்து வேரையும் கிளறி எடுத்த நிலை. மறுபுறம் நகரங்கள். ஜப்பானிய வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. 1945 மார்ச் 9ஆம் திகதி இரவு தொடங்கிய ஒரேயொரு தீக்குண்டு வீச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இறந்துபோனார்கள். போர் முடிந்தபோது வீடுகளைத் திரும்பக் கட்ட மரம் தேவை, ஆனால் மலைகளில் மரம் இல்லை. இருந்ததையும் வெட்டினார்கள்.

மொட்டை மலை மழையைத் தாங்காது. 1947 செப்டெம்பரில் கத்லீன் என்ற சூறாவளி டோக்கியோவைச் சூழ்ந்த கந்தோ சமவெளியை அடித்துக்கொண்டு போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காடு இல்லாததால்தான் இந்த வெள்ளம் என்ற எண்ணம் மக்களிடம் ஆழமாகப் பதிந்தது. 1950இல் யமனாஷி மாகாணத்தில் நாடளாவிய மரநடுகை விழா நடந்தது, பேரரசரே வந்து மரம் நட்டார். அதிலிருந்து அந்த விழா ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாகாணத்தில் நடக்கிறது.

எந்த மரத்தை நடுவது என்பதில் பெரிய விவாதம் தேவைப்படவில்லை. கன்று உற்பத்தி இலகு, வளர்ச்சி வேகம், தடி நேர், மென்மையான பலகை, வீடு கட்ட ஏற்றது. சுகிதான். அதற்கு அடுத்ததாக ஹினோக்கி. 1950களிலும் 60களிலும் ஒரு வருடத்தில் மூன்று இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் நடப்பட்ட காலங்கள் உண்டு. வெற்று மலைகள் முடிந்ததும் அதோடு நிற்கவில்லை. வீடுகளுக்கு மண்ணெண்ணெயும் காஸும் வந்து கரிக்குத் தேவை குறைந்தபோது, விறகுக்கும் கரிக்கும் பயன்பட்ட இயற்கையான அகன்ற இலைக் காடுகளையும் வெட்டிவிட்டு அங்கேயும் ஊசியிலை மரங்களை நட்டார்கள். அரசாங்கம் மானியம் கொடுத்தது. மலைக்கிராமத்து விவசாயிகளுக்கு அது பேரப்பிள்ளைகளுக்கான வங்கிப் புத்தகம்போல இருந்தது.

இன்று ஜப்பானில் சுகித் தோட்டக்காடுகளின் பரப்பு ஏறத்தாழ 4.4 மில்லியன் ஹெக்டேயர். எண்ணாகச் சொன்னால் விளங்காது. முழு இலங்கைத் தீவின் பரப்பே சுமார் 6.5 மில்லியன் ஹெக்டேயர்தான். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்குமான நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே இன மரத்தால் மூடியதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வெட்டப்படாமல் முதிர்ந்த காடு

திட்டம் தவறியது நடுகையில் இல்லை, அறுவடையில். சுகி வெட்டுக்குத் தயாராக நாற்பது, ஐம்பது வருடங்கள் தேவை. அதுவரை வீடு கட்டுபவர்கள் காத்திருக்க மாட்டார்கள். 1964இல் மர இறக்குமதி முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. பிலிப்பைன்ஸிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் மலிவாக மரம் வந்து குவிந்தது. 1950களின் நடுப்பகுதியில் தன் மரத்தேவையில் மிகப் பெரும்பகுதியைத் தானே பூர்த்தி செய்த நாடு, 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இருபது சதவீதத்தைக்கூடப் பூர்த்தி செய்ய முடியாத நிலைக்கு வந்தது. பிள்ளைகள் கிராமத்தை விட்டு நகரங்களுக்குப் போனார்கள். மரம் வெட்டினால் கூலிக்கே காணாது. எனவே காடுகள் அப்படியே விடப்பட்டன.

சுகி மரம் நன்றாகப் பூத்து மகரந்தம் கொட்டத் தொடங்குவது இருபத்தைந்து, முப்பது வயதில். 1950களில் நட்ட கன்றுகளுக்கு அந்த வயது வந்தது 1970களின் இறுதியிலும் 80களிலும். எல்லாம் ஒரே இனம், கிட்டத்தட்ட ஒரே வயது. எனவே ஒரே காலத்தில் பூக்கின்றன. பெப்ரவரி, மார்ச்சில் ஒரு காற்று அடித்தால் மலையிலிருந்து மஞ்சள் புகை எழும்பும். பார்ப்பவர்கள் காடு எரிகிறது என்றே நினைப்பார்கள். அந்தத் தூள் பல பத்துக் கிலோமீற்றர்கள் பறந்து நகரங்களில் இறங்குகிறது. மண் தரையாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும். தார் வீதியிலும் கொங்கிறீற்றிலும் ஒட்டாமல் திரும்பத் திரும்பக் கிளம்புகிறது.

இந்த நோயை மருத்துவ உலகுக்கு அறிவித்தவர்கள் ஹொரிகுச்சி, சைத்தோ என்ற இரு மருத்துவர்கள். 1964இல், நிக்கோ என்ற ஊரின் நோயாளிகளை வைத்து. அங்கே 17ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட சுகி மரங்கள் 35 கிலோமீற்றருக்கு மேல் வீதியின் இரு பக்கமும் நிற்கின்றன. உலகின் மிக நீளமான மரச்சாலை என்று கின்னஸில் இருக்கிறது. ஆகவே நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது பழைய மரங்களின் கீழே. புதிய மரங்கள் அப்போது இன்னும் பூக்கத் தொடங்கவில்லை. அந்த எச்சரிக்கை கையில் இருந்தபோதே நடுகையும் தொடர்ந்தது. யாரையும் இதற்குக் குற்றவாளியாக்குவது கடினம். வெள்ளத்தில் வீடு போன ஒருவரிடம், முப்பது வருடத்துக்குப் பிறகு தும்மல் வரும், மரம் நடாதே என்று சொல்லியிருக்க முடியாது.

1998இல் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களையும் அவர்களது குடும்பத்தினரையும் வைத்து எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் 19.6 சதவீதம். 2008இல் 29.8. 2019இல் 42.5. இதில் சுகிக்கு மட்டும் ஒவ்வாமை உள்ளவர்கள் 38.8 சதவீதம். மனிதர் மட்டுமில்லை, அவாஜித் தீவின் குரங்குகளும் வசந்தகாலத்தில் கண் வீங்கித் தும்முவது பதிவாகியிருக்கிறது. அவற்றுக்கு யார் லேஞ்சி கொடுப்பது?

முழுப் பழியும் காட்டுக்கு மட்டும் உரியதல்ல. வாகனப் புகை, மாறிப்போன உணவு, வீட்டுச் சூழல் என்று வேறு காரணங்களும் ஆய்வாளர்களிடையே பேசப்படுகின்றன. ஆனால் மகரந்தம் இல்லையென்றால் மகரந்த நோய் இல்லை. 2023இல் அப்போதைய பிரதமர் ஃபுமியோ கிஷிடா இதை ஒரு சமூகப் பிரச்சினை என்று அறிவித்து அமைச்சர்களைக் கூட்டினார். மகரந்தம் கொட்டும் சுகிக் காடுகளைப் பத்து ஆண்டுகளில் 20 சதவீதத்தால் குறைப்பது, முப்பது ஆண்டுகளில் மகரந்தத்தைப் பாதியாக்குவது என்பது திட்டம். மகரந்தமே உண்டாகாத சுகி மரம் ஒன்று 1992இல் தோயாமா மாகாணத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அப்படியான மரங்களின் வழிவந்த கன்றுகளையும் மகரந்தம் குறைந்த வகைகளையும்தான் இனிப் பெரும்பாலும் நடப்போகிறார்கள். ஆனால் வெட்டுவதற்கு ஆள் வேண்டும். மலையில் வேலை செய்பவர்களோ குறைந்து, வயதும் போய்விட்டார்கள்.

இதை எழுதும்போது எங்கள் பனைகள் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. பங்கர்களுக்கும் காவலரண்களுக்கும் குற்றியாகிப்போன பனைகளையும், ஷெல்லடியில் தலை இழந்து நின்ற பனைகளையும் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். போருக்குப் பிறகு பனம் விதை நடும் நிகழ்வுகள் வடக்குக் கிழக்கில் எத்தனையோ நடந்திருக்கின்றன. பனைக்கும் சுகிக்கும் ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது என்பது தெரியும். என்றாலும் எத்தனை விதை நட்டோம் என்ற கணக்கைப் படத்தோடு போடுகிற எங்களைப் போன்ற ஊடகங்கள், பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதில் ஏறப்போகிறவர் யார், பதநீர் யாருக்கு என்ற கேள்வியைக் கேட்டதில்லை. ஜப்பானின் பத்திரிகைகளும் 1950களில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைத்தான் போட்டிருக்கும்.

மூக்கில் அணிபவை, விரலில் அணிபவை

தொப்பி பகிடியாக இருந்தாலும், மூக்கொழுகலுக்காக உடம்பில் அணியும் பொருட்கள் நிஜமாகவே உண்டு. ஜப்பானில் மகரந்தக் காலத்து முகக்கவசம் கொவிட்டுக்குப் பல தசாப்தங்கள் முந்தியது. பக்கங்களும் மூடிய மகரந்தக் கண்ணாடி மருந்துக்கடைகளில் கிடைக்கும். மூக்குத் துவாரத்துக்குள் செருகிக்கொள்ளும் சிறிய வடிகட்டிகளும் விற்கப்படுகின்றன. அப்படியான ஒரு வடிகட்டியை டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, ஒவ்வாமை அறிகுறிகள் குறைவதாக 2014, 2015 காலப்பகுதியில் ஆய்வுகளை வெளியிட்டார்கள். குளிர்நாடுகளில் சைக்கிள் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு விளையாடுபவர்களின் கையுறையைப் பார்த்திருந்தால் பெருவிரல் பகுதியில் துவாய் போன்ற ஒரு துணி தைத்திருப்பது தெரியும். அது மூக்குத் துடைக்கத்தான். குளிர்காற்று பட்டாலே மூக்கு ஒழுகும், அதற்கு ஒவ்வாமை தேவையில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் விடியற்காலையில் வேலைக்கு ஓடும் எங்கள் சொந்தங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜப்பானியத் தெருக்களில் இலவசமாகக் கையில் திணிக்கப்படும் சின்ன டிஷ்யூ பொதியும் இந்த வரிசையில் சேர வேண்டியதே. 1960களின் இறுதியில் கொச்சி மாகாணத்துக் காகித நிறுவனம் ஒன்றிலிருந்து தொடங்கிய விளம்பர உத்தி அது. உறையில் கடன் கொடுக்கும் கம்பனிகளின் விளம்பரம் இருக்கும். எங்கள் லீசிங் கம்பனிகள் கலண்டர் கொடுப்பதைப் போல.

எங்கள் பீனிசம்

எங்கள் ஊரில் சுகி இல்லை. ஆனாலும் காலையில் எழும்பியவுடன் பத்துத் தும்மல், பிறகு குழாய் திறந்ததுபோல மூக்கு என்பது எத்தனையோ வீடுகளில் அன்றாடம். தூசி, தலையணையிலும் மெத்தையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள், குப்பை எரிக்கும் புகை, பூஞ்சணம், பூனை மயிர் ஆகியவையே வழக்கமான காரணங்கள். முகாமில் தறப்பாளுக்குக் கீழே செம்மண் புழுதியோடு படுத்து எழும்பிய மாதங்களில் எங்கள் வரிசை முழுக்கப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது. அம்மா தன் பழைய சேலையைச் சதுரம் சதுரமாகக் கிழித்து எல்லாருக்கும் லேஞ்சி ஆக்கிக் கொடுத்தா. என் சட்டையில் ஊசியால் குத்திவிட்ட அந்தத் துண்டுதான் நான் அணிந்த முதல் மூக்கொழுகல் கருவி.

நடப்பது என்னவென்றால், உடம்பு தீங்கில்லாத ஒரு தூளைப் பகையாகத் தவறாக அடையாளம் கண்டு அதற்கெதிராக ஒரு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறது. அந்தத் தூள் திரும்ப மூக்குக்குள் போனதும் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் வெளியேறுகிறது. தும்மல், கடி, பச்சைத்தண்ணீர் போன்ற ஒழுகல், அடைப்பு எல்லாம் அதன் வேலை. தடிமன் என்றால் சில நாட்களில் மாறிவிடும், காய்ச்சலும் உடம்பு நோவும் சேர்ந்து வரலாம். ஒவ்வாமை வாரக்கணக்கில் நிற்கும், கண்ணும் கடிக்கும், காய்ச்சல் இராது.

வீட்டில் எல்லாரும் எடுப்பது பிரிற்றன். ஒழுகலை நிறுத்தும், ஆனால் நித்திரையையும் கொண்டுவரும். அதைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, இயந்திரங்களில் வேலை செய்யவும் கூடாது. செற்றிரிசின், லொராற்றடின் போன்ற பிந்திய மருந்துகளில் தூக்கம் குறைவு. நீண்டகாலப் பீனிசத்துக்கு மருத்துவர்கள் முதலில் கொடுப்பது மூக்குக்குள் விசிறும் ஸ்ரீரொயிட் ஸ்பிறே. இரண்டு நாள் அடித்துவிட்டுச் சுகமில்லை என்று எறிபவர்கள் அதிகம். அதன் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம், தினமும் அடிக்க வேண்டும். இதற்கு மாறாக அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. அவற்றை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்து விட்டதும் அடைப்பு முன்னரை விட மோசமாகத் திரும்பும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லது, ஆனால் கொதித்து ஆறிய நீர் மட்டுமே. கிணற்று நீரை அப்படியே மூக்குக்குள் விட வேண்டாம். ஆவி பிடிப்பது தற்காலிகமாக இதமாக இருக்கும், ஒவ்வாமையைத் தீர்க்காது. கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து பிள்ளைகளுக்குச் சூடு பட்ட சம்பவங்கள் எங்களுக்குத் தெரியாதவை இல்லை.

ஜப்பானில் சுகி மகரந்தத்தையே சிறிது சிறிதாக நாக்குக்குக் கீழ் வைத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை 2014இலிருந்து காப்புறுதியோடு கிடைக்கிறது. மூன்று வருடங்களுக்கு மேல் விடாமல் எடுக்க வேண்டும்.

பீனிசம் என்று ஒதுக்கிவிடக் கூடாத ஒரு ஒழுகலும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். தலையில் அடிபட்டவர்களுக்கு, ஷெல் துண்டு பட்டவர்களுக்கு, ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர்போலத் தெளிவாக ஒழுகினால், குனியும்போது சொட்டினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது மூளையைச் சுற்றியிருக்கும் திரவமாக இருக்கலாம். மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள சிறிய வெடிப்பு வழியாக அது கசியும். காயம் பட்டுப் பல மாதங்கள், சிலவேளை வருடங்கள் கழிந்தும் தொடங்கலாம். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல் வரும். எனவே மாத்திரை போட்டுக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பழைய தலைக்காயத்தைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கேட்டால்தான் சொல்வது என்று இருந்துவிடாதீர்கள், பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் கலந்து ஒழுகினாலும், சிறுபிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினாலும் காட்டுவது அவசியம். பிள்ளைகள் மணி, புளியங்கொட்டை என்று எதையாவது மூக்குக்குள் செருகியிருப்பார்கள்.

தொப்பியை எங்கே வாங்கலாம் என்று கேட்டு இந்தப் படத்துக்குக் கீழே எப்போதும் ஒருவர் எழுதியிருப்பார். கவகாமியின் விதிப்படி எங்கும் வாங்க முடியாது. ஒரு கம்பி, ஒரு பட்டி, ஒரு சுருள் பேப்பர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். விற்காமல் இருந்தால் சரி.